பாவா ஆதம் மலையும் மதுரைக்கு வந்த பயணியும்

ஈழத்தின் மலைநாட்டில் கடல் மட்டத்திற்கு மேல் 2,243 மீட்டர் உயர்ந்து கூம்பாக நிற்கும் சிகரம் ஒன்றுண்டு. நம் முன்னோர் அதனைப் பாவா ஆதம் மலை என்றழைத்தனர். சைவப் பெருமக்களுக்கு அது சிவனொளிபாதம். சிங்கள பௌத்தர்களுக்கு ஸ்ரீ பாதம். கிறித்தவருள் ஒரு சாரார் அங்குள்ள அடிச்சுவடு தோமையாருடையது என்பர். பழைய அரபு நூலோர் அம்மலையை ‘அர்ரஹூன்’ என்று எழுதினர். சுவடு ஒன்று; அதற்கு உரிமை பேசுவோர் பலர்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு 2012இல் வானூர்திப் போக்குவரத்துத் தொடங்கிய பின்னர், எம் ஊராகிய மேலூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக அங்குச் சென்று வருகின்றனர். வழிகாட்டி ஒருவர் பேருந்தில் ஏற்றிச் சென்று மலையடிவாரத்தில் இறக்கிவிடுகிறார். நள்ளிரவில் ஏறத் தொடங்கி, உச்சியில் கதிரவன் எழுவதைக் கண்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுகின்றனர். கடல் கடந்த ஒரு நாடும் அதன் தொன்மைமிக்க திருத்தலமும் ஓர் இரவும் ஒரு பகலுமாகச் சுருங்கிவிட்டன.

அவ்வாறு சென்று வந்த குழுவினர் சிலர் ஒரு மஃரிபு தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தனர். “ஹஜ்ரத், எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி, இது ஆதம் நபியின் பாதம், முஸ்லிம்களுக்கே உரியது, பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள் என்றார். மெய்தானா?” என்றார் ஓர் இளைஞர். அவருடைய தம்பியோ, அங்குச் செல்வதே மார்க்கத்திற்கு முரண் என்று வாதிட்டார். இவர்களுடன் வந்திருந்த மூதாட்டி ஒருவர் இரண்டையும் பொருட்படுத்தாமல், “அந்தக் காலத்தில் படி இல்லாதபோது எப்படி ஏறினார்கள்?” என்று வினவினார். மூன்று வினாக்களுள் அம்மூதாட்டியின் வினாவே வரலாற்று வினா என்று நமக்குப் பட்டது. அதற்கு விடை சொல்லப் புகுந்தால் ஏனைய இரண்டும் தாமே தெளிவடையும்.

முதலில் மூலத்தைக் காண்போம். ஆதம் (அலை) அவர்கள் சுவனத்தினின்றும் பூமிக்கு இறக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. இறங்கிய இடத்தின் பெயரைக் கூறவில்லை. இந்த மௌனத்தை நிரப்ப முற்பட்டவை பிற்காலச் செய்திகளே. இப்னு அப்பாஸ் (ரலி) முதலானோர் பெயரால் வந்த அறிவிப்புகள் சிலவற்றை இமாம் தபரீ தம் வரலாற்று நூலில் தொகுத்துள்ளார். அவற்றுள் ஆதம் ஹிந்திலே இறங்கினார், சரந்தீபில் இறங்கினார், ஹவ்வா ஜித்தாவில் இறங்கினார் என்றெல்லாம் காண்கிறோம். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆசாத் பில்கிராமீ என்னும் பேரறிஞர் இச்செய்திகளையே அடித்தளமாகக் கொண்டு, இந்திய மண்ணின் சிறப்பை ‘ஸுப்ஹத்துல் மர்ஜான்’ என்னும் அரபு நூலில் விரித்துரைத்தார். அவருடைய தாய்நாட்டுப் பற்று நமக்கு உவப்பானதே. எனினும் ஹதீஸ்கலையின் தராசில் வைத்து நிறுக்குங்கால், இவை அகீதாவுக்கு ஆதாரமாகத் தக்கவை அல்ல. நம்புவது கடமையுமன்று.

ஆயின் செய்தி பழமையானது என்பதில் ஐயமில்லை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், கி.பி. 851இல், எழுந்த ‘அக்பாருஸ் ஸீன் வல்ஹிந்த்’ என்னும் அரபு வணிகர்களின் நூல் சரந்தீபையும் அர்ரஹூன் மலையையும் அங்குள்ள ஆதமின் அடிச்சுவட்டையும் குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, அம்மலையை முஸ்லிம்கள் ஆதமோடும் அந்நாட்டார் புத்தரோடும் தொடர்புபடுத்துவதை எழுதிவைத்தார். எனவே ‘நாமே முதலில், பிறர் பின்னர்’ என்ற வழிகாட்டியின் கூற்று நிற்காது. ஈழத்தில் பௌத்தம் இஸ்லாம் தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே வேரூன்றியது. அரபு மாலுமிகள் அங்கு இறங்கியபோது அம்மலை ஏற்கெனவே வணங்கப்பட்ட மலைதான்.

இனி, ஏறிய கதைக்கு வருவோம். அதனை விரிவாகக் கூறியவர் தன்ஜா நகரத்து இப்னு பதூதா. 1304இல் பிறந்து, 1325இல் ஹஜ்ஜுக்கென வீட்டை விட்டுப் புறப்பட்டவர், தில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காஜியாக இருந்தார். சீனத்துக்குத் தூதராக அனுப்பப்பட்டார். கள்ளிக்கோட்டையில் கப்பலையும் பரிசுப் பொருள்களையும் கடலுக்குக் கொடுத்தார். மாலத்தீவில் மீண்டும் காஜியானார். அங்கும் மனக்கசப்பு நேர, 1344இல் மஅபருக்கு, அதாவது நம் தமிழ்க் கரைக்கு, கப்பலேறினார். மதுரையை அந்நாளில் ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் தாமகானீயும் இவரும், மதுரை சுல்தானியத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளிரை மணந்தவர்கள். ஆக உறவில் சகலர்.

காற்று அவரை மஅபருக்குக் கொண்டுவரவில்லை. ஈழக் கரைக்குத் தள்ளியது. கடலிலிருந்தே சரந்தீப் மலை ஒரு புகைத்தூண் போல் தோன்றியதென்கிறார். கப்பல் ஒதுங்கிய ‘பத்தாலா’ என்னும் ஊரை இன்றைய புத்தளம் என்பர். அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. மாலுமிகள் அம்மன்னனின் பெயரைக் கேட்டே அஞ்சினர். இப்னு பதூதா கரையிறங்கி, யாம் மஅபர் சுல்தானின் உறவினர் என்று அறிவித்தார். மன்னனோ, சுல்தான் தமக்கு நண்பர் எனக் கூறி அடைக்கலம் அளித்தான். பாரசீக மொழியைப் புரிந்துகொள்ளும் ஆற்றலும் அவனுக்கு இருந்தது. தன் முத்துகளைக் காட்டி, வேண்டுவதைக் கேள் என்றான். ஆதமின் பாதத்தைக் காண்பதே எம் வேட்கை என்றார் பயணி.

அதன்பின் நிகழ்ந்ததை நம் சுற்றுலா நிறுவனத்தார் படித்தால் நாணுவர். மன்னன் பல்லக்கு ஒன்று கொடுத்தான். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், மன்னனைச் சேர்ந்தோர் பதின்மர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைவர் ஆகியோரை உடன் அனுப்பினான். மொராக்கோ நாட்டு மாலிகி காஜி ஒருவரைப் பாவா ஆதமின் பாதத்திற்குச் சைவ மன்னன் ஒருவன் யோகியரையும் பிராமணரையும் துணைக்கு வைத்து அனுப்பினான் என்னும் இவ்வொரு செய்திக்காகவே அந்நூலைப் பொன்னால் எழுதலாம்! அந்நாட்டு மக்கள் ஆதமைப் பாவா என்றும் ஹவ்வாவை மாமா என்றும் வழங்கினர் எனவும் அவர் குறித்திருக்கிறார்.

வழியில் ‘குனகார்’ என்னும் தலைநகரில் ஷீராஸ் நகரத்து ஷெய்கு உதுமான் என்பாரின் பள்ளிவாசலைக் கண்டார். அவ்வூர் மன்னனும் மக்களும் அப்பெரியாரை நாடிச் சென்று மதிப்புச் செய்தனர். பாதமலைக்குச் செல்வோர்க்கு அவரே வழிகாட்டியாக இருந்தவர். பசுவைக் கொல்வோர்க்கு அந்நாட்டில் மரணமே தண்டனை. ஷெய்கு ஒரு பசுவை அறுத்துவிட்டார். அவர்பால் கொண்ட மதிப்பினால் உயிரை விடுத்து, ஒரு கையையும் ஒரு காலையும் மட்டும் துணித்தனர். பின்னர் ஒரு சந்தையின் வருவாயை அவருக்கு மானியமாகவும் விட்டனர். அவருக்குப் பின் அவருடைய மக்களும் பணியாளரும் வழிகாட்டும் தொழிலைத் தொடர்ந்தனர். இச்செய்தியைப் படித்த மாணவர் ஒருவர் நம்மிடம், இது கொடுமையல்லவா என்று சினந்தார். கொடுமைதான். ஆனால் மற்றவர் நாட்டில் விருந்தினராக இருந்துகொண்டு அந்நாட்டார் கண்ணெனப் போற்றுவதை அறுப்பது எவ்வகை அறிவுடைமை என்பதையும் சிந்திக்க வேண்டும். வியப்பு என்னவெனின், அதற்குப் பின்னும் இரு சாராரும் பகைத்துப் பிரிந்துவிடவில்லை. வெட்டியவர் மானியம் கொடுத்தனர். வெட்டுண்டவரின் மக்கள் வழிகாட்டினர்.

இதற்கும் முந்தைய கதை ஒன்றையும் பயணி கேட்டறிந்து எழுதுகிறார். ஷீராஸின் இறைநேசர் அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் (ஹிஜ்ரி 371இல் மறைந்தவர்) முப்பது பக்கீர்களுடன் இம்மலைக்கு வந்தாராம். பசி தாளாத பக்கீர்கள், ஷெய்கு தடுத்தும் கேளாமல், ஒரு யானைக் கன்றைக் கொன்று தின்றனர். இரவில் யானைகள் திரண்டு வந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷெய்கை முகர்ந்த யானையோ அவரைத் தன் முதுகில் ஏற்றி மக்கள் வாழும் இடத்தில் சேர்த்தது. அன்றுதொட்டு அந்நாட்டார் முஸ்லிம் பக்கீர்களைத் தம் இல்லங்களில் தங்க வைத்து உணவளித்தனர் என்றும், இந்தியாவின் பிற பகுதிகளில் தாம் இத்தகைய உபசரிப்பைக் காணவில்லை என்றும் அவர் எழுதுகிறார். யானைக் கதையை நம்புவதும் விடுவதும் வாசகர் விருப்பம். உபசரிப்போ அவர் தம் கண்ணால் கண்டது.

மலையேற்றத்திற்கு வருவோம். இருவழிகள் உள்ளன. ஒன்று பாவா வழி, மற்றது மாமா வழி. மாமா வழி எளியது, இறங்குவதற்கு உரியது. அதன் வழியே ஏறியவன் ஜியாரத் செய்தவனாகவே கருதப்படான். பாவா வழி செங்குத்தானது. காட்டில் அட்டைகள் உண்டு. அவை கடித்தால் பிழிந்துவிடுவதற்கென எலுமிச்சம்பழங்களை எடுத்துச் செல்வர். மேலே பாறையில் படிகள் வெட்டி, இரும்பு முளைகள் அடித்துச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்தனர். சங்கிலிகள் பத்து. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அதனைப் பற்றிக்கொண்டு கீழே நோக்குவோன் தலைசுற்றி, விழுந்துவிடுவோமோ என்றஞ்சிக் கலிமா ஓதுவானாம்! அதற்கப்பால் கிள்று (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் குகையும், மீன்கள் நிறைந்த நீர்ச்சுனையும் உள்ளன. பயணிகள் தம் உடைமைகளை அக்குகையில் விட்டுச் சிகரத்திற்கு ஏறுவர். மூன்று நாள் குகையில் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைக் கண்டு வருவது வழக்கம். இப்னு பதூதாவும் அவ்வாறே செய்தார். மேலூர் மூதாட்டிக்கு இப்பகுதியை நாம் எடுத்துரைத்தபோது, “அல்லாஹ்! நாங்கள் படிக்கே மூச்சு வாங்கினோமே” என்றார். இன்று நல்லதண்ணி வழியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளும் இரவெல்லாம் விளக்கும் உண்டு.

சுவட்டின் நீளம் பதினொரு சாண் என்கிறார் அவர். சாணுக்கு ஒன்பது அங்குலமென்றால் எட்டடிக்கும் மேலாகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அளந்தபோது ஐந்தரை அடிக்குச் சற்றே மேற்பட்டிருந்தது. இதனைக் கொண்டு அவரைப் பொய்யர் என்று தள்ளுதல் தகாது. கண்டது 1344இல், ஃபேஸ் நகரில் இப்னு ஜுஸையிடம் சொல்லி எழுதுவித்தது 1355இல். நினைவு வளரக்கூடியது. திமிஷ்கில் இமாம் இப்னு தைமிய்யா மிம்பரில் பேசக் கண்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் அந்நகரை அடைந்த ஹிஜ்ரி 726 ரமலானுக்கு முந்தைய மாதமே இமாம் சிறையிடப்பட்டுவிட்டார். ஆகவே நம் பயணியைச் சான்றாகக் கொள்ளுங்கால் சற்று விழிப்புடனேயே கொள்ள வேண்டும்.

இப்னு தைமிய்யாவின் பெயர் வந்ததால், தம்பியின் வாதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் ஆகிய மூன்று பள்ளிகளுக்கன்றி வேறெதற்கும் பயணம் பூணலாகாது என்ற பொருளமைந்த நபிமொழியை, கப்றுகளுக்கும் திருத்தலங்களுக்கும் புண்ணியம் நாடிச் செல்லும் பயணங்களை மறுப்பதற்கு அவ்விமாம் ஆதாரமாக்கினார். இமாம் கஸ்ஸாலி, இமாம் நவவீ முதலானோரோ, அந்நபிமொழி பள்ளிவாசல்களுக்கிடையே உள்ள சிறப்பைக் குறித்ததேயன்றிப் பிற பயணங்களைத் தடுப்பதன்று என்று விளக்கினர். இக்கருத்து வேற்றுமை எழுநூறு ஆண்டுகளாக நடப்பது. ஒரு மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நாம் தீர்த்துவிட இயலாது. ஆனால் பூமியில் சுற்றி வந்து முன்னோரின் நிலையைக் காணுமாறு குர்ஆன் பலவிடங்களில் ஏவுகிறது. சுவட்டை வணங்குதல் வேறு, கண்டறிதல் வேறு என்பதை உணர்ந்து செல்பவரைத் தடுக்க நமக்கு ஆதாரம் கிட்டவில்லை.

இறங்கிய பயணி தென்கோடியிலுள்ள தெய்வந்துறைக்குச் சென்றார். அங்குப் பெருங்கோயிலையும் ஆயிரம் பிராமணரையும் யோகியரையும் கண்டார். அதே தெய்வந்துறைக் கோயிலுக்குச் சில தலைமுறை கழித்துச் சீனத் தளபதி ஒருவர் காணிக்கை செலுத்தினார். அவர் முஸ்லிம் குடியில் பிறந்த செங் ஹோ. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு அவர் கொணர்ந்த கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனம் புத்தரையும், தமிழ் தென்னாவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாஹ்வையும் முன்னிறுத்துகின்றன. கொழும்பு செல்லும் நம்மவர்கள் கடைவீதிக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை அக்கல்லுக்குத் தரலாம்.

இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை இனிதாக முடியும். நம் மேடைகளில் பலர் இங்கேயே நிறுத்திவிடுகின்றனர். ஆனால் அதே நூல், அடுத்த பக்கங்களிலேயே, மஅபருக்கு வந்து சேர்கிறது.

புத்தளத்திலிருந்து புறப்பட்ட கப்பல் புயலில் சிக்கியது. பாய்மரத்தை வெட்டினர். மரங்களைப் பிணைத்துத் தெப்பமாக்கினர். பயணி தம் அடிமைப் பெண்களையும் தோழர்களையும் முன்னே அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலின் பின்புறத்தில் இரவைக் கழித்தார். விடிந்தபின் அவரைக் காப்பாற்றிக் கரை சேர்த்தவர்கள், அவர் ‘காஃபிர்கள்’ என்று குறிக்கும் நம் கரையோர மக்களே. அங்கிருந்து சுல்தான் கியாதுத்தீனின் பாசறைக்குச் சென்றார்.

பாசறையில் கண்டதை அவர் மறைக்கவில்லை. காடுகளில் பிடிபட்ட ஆடவரைப் பாசறையின் நான்கு வாயில்களிலும் கழுவேற்றினர். அவர்தம் பெண்டிரையும் சிறு குழந்தைகளையும் அவ்விடத்திலேயே கொன்றனர். ஒருநாள் சுல்தானின் வலப்பக்கம் காஜியும் இடப்பக்கம் தாமும் அமர்ந்து உணவருந்துகையில், ஒருவனை மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொணர்ந்தனர். மூவரையும் வெட்ட ஆணையாயிற்று. பயணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன. எந்த அரசனிடத்தும் இத்தகைய இழிசெயலைத் தாம் அறிந்ததில்லை என்றும், அதன் பொருட்டே இறைவன் அவன் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் அந்தக் காஜியே தீர்ப்பெழுதினார்.

போசள மன்னர் மூன்றாம் வல்லாளர், எண்பது வயதைக் கடந்தவர், இச்சுல்தானோடு போரிட்டுச் சிறைப்பட்டார். போர்க்களமான கண்ணனூர்க் கொப்பம், இந்நாளைய சமயபுரத்தை அடுத்தது. நம் மேலூரைக் கடந்து வடக்கே செல்லும் திருச்சிப் பெருவழியிலேயே அப்பகுதியை அடைகிறோம். விடுவிப்பதாகச் சொல்லிச் செல்வத்தையெல்லாம் பெற்றுக்கொண்ட பின், முதியவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டனர். அது தொங்கக் கண்டதாக இப்னு பதூதா கூறுகிறார். அவரிடமும் குற்றமில்லாமல் இல்லை. இத்தகைய சுல்தானிடமே மாலத்தீவின் மீது படையனுப்புமாறு யோசனை சொன்னவர் அவர்! தாம் காஜியாக இருந்து உண்ட நாட்டின்மீது.

பின்னர் மதுரையைக் கொள்ளைநோய் பற்றியது. நோய் கண்டோர் இரண்டு, மூன்று நாளில், மிஞ்சினால் நான்காம் நாளில் மாண்டனர். அஹ்ஸன் ஷாவின் அமைச்சராயிருந்தவரின் மனைவி, எட்டு வயது மகனுடன் வந்து தம் வறுமையைக் கூறினார். பயணி பொருள் கொடுத்தார். இருவரும் நலமாகவே சென்றனர். மறுநாள் அதே தாய் வந்து மகனுக்குக் கஃபன் துணி கேட்டார். சுல்தானின் ஒரே மகனும், மனைவியும், தாயும், இறுதியில் சுல்தானும் மாண்டனர்.

ஆதம் மலைக்காக இப்னு பதூதாவைச் சான்றுக்கு அழைப்போர், மதுரைக்காகவும் அவரை அழைக்க வேண்டும். சரந்தீபில் அவர் சொல்வது மெய், மதுரையில் சொல்வது மட்டும் பகைவர் இடைச்செருகல் என்று பேசுவோரை நாம் கேட்டிருக்கிறோம். இரண்டும் ஒரே வாய் சொல்லி ஒரே கை எழுதியவை. 1335ஐ ஒட்டித் தொடங்கி அரை நூற்றாண்டுகூட நிலைக்காத அச்சுல்தானியத்தை நம் முன்னோரின் பொற்காலமென்று கொண்டாடவும் வேண்டா; அதன் பழியை இன்று வையைக் கரையில் உழுதும் விற்றும் வாழும் முஸ்லிம் குடும்பங்களின் தலையில் சுமத்துவோருக்கு அஞ்சவும் வேண்டா. தமிழ்க் கரையில் இஸ்லாம் அப்படையோடு வந்ததன்று. அதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே அரபு மரக்கலங்களோடு வந்தது. மலையில் சங்கிலியைப் பற்றி ஏறிய பக்கீர்களும், கையிழந்த ஷெய்கின் மக்களும் நமக்கு எவ்வளவு உறவோ, அவ்வளவு உறவு கழுமரம் நட்டவனோடு நமக்கு இருக்க வேண்டிய கட்டாயம் ஏது?

இவ்வளவையும் கேட்ட இளைஞர், “அப்படியானால் அந்தப் பாதம் யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது?” என்று மறுபடியும் தொடங்கிய இடத்திற்கே வந்தார். நம் நூல்களில் ஆதமுடையது என்று ஒரு செய்தி உண்டு, அது உறுதிப்பட்டதன்று. பிறர் நூல்களில் வேறு செய்திகள் உண்டு. அங்கே நின்றபோது உனக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல் என்றோம். யோசித்துவிட்டு, முன்னால் பௌத்தப் பாட்டி ஒருவர் தம் பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றதாகவும், எத்தனையாம் முறை ஏறுகிறோமோ அத்தனை முறை மணியடிக்கும் வழக்கப்படி அவர் மணியை அடித்துக்கொண்டே இருந்ததாகவும், எண்ணிக்கையைத் தாம் தவறவிட்டதாகவும் கூறினார்.

பயணியின் எஞ்சிய கதையையும் சொல்லிவிடுவோம். மதுரையை விட்டுக் கொல்லம் சென்றவர், அங்கிருந்து ஹினாவருக்குக் கப்பலேறினார். வழியில் கடற்கொள்ளையர் மறித்தனர். ஆரியச் சக்கரவர்த்தி அன்பளித்த முத்துகளையும் மாணிக்கங்களையும், இறைநேசர்கள் கொடுத்த வழிப்பொருள்களையும் பறித்துக்கொண்டு, ஒரு கால்சட்டையுடன் அவரைக் கரையில் விட்டனர்.